அபூர்வ நிற மில்க் ஸ்நேக் வளர்ப்பு: குட்டி போடும் சொத்துக்கு விலை ஏன் நிக்காது?



ஒரு சின்ன கற்பனையோட ஆரம்பிக்கலாம். நீங்க ஒரு தங்கக் காசு வாங்குறீங்க. மூணு வருஷம் கழிச்சு அது குட்டி போட ஆரம்பிக்குது, வருஷத்துக்கு எட்டு. கேக்கவே ஜோரா இருக்கு இல்ல? ஆனா நீங்க விக்கிற ஒவ்வொரு குட்டிக் காசும் வாங்கினவர் வீட்டுல போய் அதே மாதிரி எட்டு எட்டா போடும். அஞ்சாறு வருஷம் கழிச்சு ஒரு காசு என்ன விலைக்கு போகும்?

தங்கத்துக்கு இது நடக்காது. அமெரிக்காவில் அபூர்வ நிறத்துல மில்க் ஸ்நேக் வளர்த்து விக்கிறவங்களுக்கு இதுதான் அன்றாடம். "ஒரு ஜோடி வாங்குங்க, மூணாவது வருஷம் போட்ட காசு திரும்பிடும்"னு சொல்ற பேச்சு அங்கேயும் உண்டு. வேலைக்குப் போற இளைஞர்கள்தான் அதுக்கு முதல் ஆடியன்ஸ். நம்ம ஊர்ல கப்பி மீன், ஃபைட்டர் மீன், லவ் பேர்ட்ஸ்னு யாராவது உங்ககிட்ட இதே பேச்சைப் பேசியிருப்பாங்க. அதனால இந்தக் கணக்கை ஒரு தடவை முழுசா போட்டுப் பார்த்துடலாம்.

முதல்ல பாம்பைப் பத்தி

மில்க் ஸ்நேக் வட அமெரிக்காவிலிருந்து தென் அமெரிக்காவோட வடபகுதி வரைக்கும் பரவியிருக்கிற பாம்பு. விஷம் கிடையாது. இரையைச் சுத்தி இறுக்கிக் கொன்னு தின்னும். சிவப்பு, கறுப்பு, மஞ்சள் அல்லது வெள்ளைன்னு வளையம் வளையமா இருக்கும். பார்த்தா கொடிய விஷமுள்ள பவளப் பாம்பு மாதிரியே தெரியும். அந்த வேஷம்தான் அதுக்குப் பாதுகாப்பு.

பேர் வந்த கதை நமக்கு நல்லாவே புரியும். மாட்டுக் கொட்டகையில அடிக்கடி இதைப் பார்த்த அமெரிக்க விவசாயிகள், ராத்திரியில மாட்டு மடியில பால் குடிக்க வருதுன்னு நம்பினாங்க. நம்ம கிராமத்துல சாரைப்பாம்பைப் பத்திச் சொல்றதேதான்! ரெண்டு ஊர்லயும் உண்மை ஒண்ணுதான்: பாம்பு வந்தது எலிக்காக.

வளர்ப்புக்காரங்க மத்தியில ரொம்ப பிரபலம் ஹோண்டுரான் மில்க் ஸ்நேக். நாலு அடி, சிலது அஞ்சு அடி வளரும். 15 முதல் 20 வருஷம் வரை உயிரோட இருக்கும். இதுக்கு மட்டும் ஏன் அவ்வளவு மவுசு? நிறம் ஒரு காரணம். இன்னொரு காரணம் அதைவிட முக்கியம், ஆனா விளம்பரத்துல வராது. பல மில்க் ஸ்நேக் வகைகள்ல முட்டையிலிருந்து வர்ற குட்டி ரொம்பச் சின்னது, எலியைத் தொடாது, பல்லி கேட்கும். ஹோண்டுரான் குட்டி கொஞ்சம் பெருசு. 'பிங்கி'ன்னு சொல்ற, முடி முளைக்காத எலிக்குட்டியை ஆரம்பத்துலயே விழுங்கிடும். கடையில உறையவெச்சு விக்கிற எலியை எடுத்து, உருக்கி, கொடுத்துடலாம். தீவனம் ஈஸியா கிடைக்கிற உயிரைத்தான் தொழிலா வளர்க்க முடியும்; கோழிக்கும் அதே கதைதான்.

நிறம்னா உண்மையில என்ன வாங்குறீங்க?

இங்கே கொஞ்சம் பொறுமையா படிங்க. பணமே இதுல தான் இருக்கு.

இந்த நிற வகைகளுக்கு 'மார்ஃப்'னு பேர். கறுப்பு நிறமி இல்லாம பிறந்தா அல்பினோ. சிவப்பும் ஆரஞ்சும் வெள்ளையுமா இருக்கும். சிவப்பு நிறமி இல்லாம பிறந்தா அனெரி. கறுப்பும் சாம்பலுமா இருக்கும். கறுப்பு குறைஞ்சு வெளிறிப்போனா ஹைப்போ. ரெண்டை ஒண்ணு சேர்த்தா புதுப் பேர்: அல்பினோவும் அனெரியும் சேர்ந்தா 'ஸ்னோ', ஹைப்போவும் அனெரியும் சேர்ந்தா 'கோஸ்ட்'. ஸ்னோ வெள்ளையும் வெளிர் இளஞ்சிவப்புமா, பீங்கான்ல செஞ்ச மாதிரி இருக்கும். அழகுதான், மறுக்கவே முடியாது.

இதெல்லாம் ஒடுங்கு ஜீன்கள். அப்பாகிட்டேருந்து ஒண்ணு, அம்மாகிட்டேருந்து ஒண்ணுன்னு ரெண்டு பிரதி வந்தாதான் நிறம் வெளியே தெரியும். ஒரே ஒரு பிரதி இருந்தா பாம்பு சாதாரணமாத்தான் இருக்கும். ஆனா உள்ளே ஜீனைச் சுமந்துக்கிட்டு இருக்கும். அதை 'ஹெட்'னு சொல்வாங்க. கண்ணால பார்த்து ஹெட் எது, சாதாரணம் எதுன்னு சொல்லவே முடியாது. விக்கிறவர் வார்த்தைதான் சர்டிபிகேட்.

இதுக்கு மேலயும் ஒரு படி இருக்கு. ரெண்டு ஹெட் பாம்பு இணைஞ்சா, சராசரியா நாலுல ஒண்ணு அல்பினோ. மீதி மூணும் சாதாரணமா தெரியும். அந்த மூணுல ரெண்டு ஹெட், ஒண்ணு வெறும் சாதாரணம். எது எதுன்னு தெரியாது. அதனால மூணையுமே '66 சதவீதம் ஹெட்டா இருக்கலாம்'னு போட்டு, சாதாரணக் குட்டியைவிட கொஞ்சம் கூடுதல் விலைக்கு விப்பாங்க. பெற்றோர்ல ஒண்ணு மட்டும் ஹெட்னா '50 சதவீதம்'. இது ஏமாத்து வேலை இல்ல, சரியான கணக்குதான். ஆனா நீங்க காசு கொடுத்து வாங்குறது பாம்போட சேர்த்து ஒரு நிகழ்தகவை! அது நிஜமா ஹெட்டா இல்லையான்னு தெரிய, அதை வளர்த்து, ஜோடி சேர்த்து, முட்டை பொரியணும். அதுக்கு மூணு வருஷம். ரிசல்ட் வர மூணு வருஷம் ஆகுற லாட்டரிச் சீட்டு, அதுக்கு நடுவுல வாராவாரம் சாப்பாடும் போடணும்.

எட்டு முட்டை, பதினாறுல ஒண்ணு

சரி, ஸ்னோ வேணும்னு முடிவு பண்றீங்க. ஸ்னோ ஜோடியையே நேரா வாங்கினா விலை அதிகம். அதனால அல்பினோ, அனெரி ரெண்டு ஜீனையும் ஒரு பிரதி சுமக்கிற 'டபுள் ஹெட்' ஜோடியை மலிவா வாங்கி, அதுலேருந்து ஸ்னோ எடுக்கலாம்னு திட்டம். ஆரம்பிக்கிறவங்க நிறைய பேர் யோசிக்கிறது இதைத்தான்.

இந்த ஜோடியில ஸ்னோ பிறக்க வாய்ப்பு பதினாறுல ஒண்ணு. ஒரு பெண் பாம்பு வருஷத்துக்கு எட்டு முட்டை போடுதுன்னு வெச்சுக்கோங்க. எட்டும் பொரிஞ்சாலும், அந்த வருஷம் ஒரு ஸ்னோகூட வராம போக எவ்வளவு வாய்ப்பு? கால்குலேட்டர்ல 15-ஐ 16-ஆல வகுத்து, எட்டு தடவை பெருக்குங்க. கிட்டத்தட்ட 60 சதவீதம். அதாவது பத்து பேர் இந்தத் திட்டத்தோட இறங்கினா, மூணு வருஷம் காத்திருந்த பிறகு ஆறு பேருக்கு முதல் வருஷம் ஒரு ஸ்னோகூட கிடையாது.

இப்போ மொத்தக் கணக்கு. கீழே இருக்கிற தொகைகள் நான் உதாரணத்துக்கு எடுத்துக்கிட்டது. இன்னைக்கு மார்க்கெட் விலைன்னு நினைக்காதீங்க, உங்க நம்பரைப் போட்டு மாத்திப் பாருங்க. டபுள் ஹெட் குட்டி ஜோடி 300 டாலர். பெட்டி, ஹீட் டேப், தெர்மோஸ்டாட் 200. பெரிய பாம்பு ஒண்ணுக்கு வருஷத்துக்கு எலிச் செலவு 60, ஜோடிக்கு 120. குட்டியா இருக்கும்போது கொஞ்சம் குறையும்னு வெச்சு மூணு வருஷத்துக்கு 300. ஆக, முதல் முட்டையைப் பார்க்குறதுக்கு முன்னாடியே 800 டாலர் உள்ளே போயாச்சு.

முதல் எட்டு குட்டி வந்தாச்சு. சராசரிப்படி நாலரை சாதாரணம், ஒன்றரை அல்பினோ, ஒன்றரை அனெரி, அரை ஸ்னோ. (அரைப் பாம்பு கிடையாது, ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணுன்னு எடுத்துக்கோங்க!) சாதாரணம் 50, அல்பினோவும் அனெரியும் 100, ஸ்னோ 200 டாலருக்குப் போகுதுன்னா மொத்தம் 625. செலவு? அப்பா அம்மா சாப்பாடு 120, குட்டிகள் விக்கிற வரைக்கும் சாப்பாடு 120, எட்டு சின்னப் பெட்டி 40, கண்காட்சியில மேசை வாடகையோ ஆன்லைன் விளம்பரமோ 75. ஆக 355. கையில நிக்கிறது 270 டாலர். போட்ட 800-ஐ எடுக்க இதே மாதிரி மூணு நல்ல வருஷம் வேணும். வாங்கின நாள்லேருந்து எண்ணினா அஞ்சு, ஆறு வருஷம்.

இதுவரைக்கும் கூட "பரவாயில்லையே"ன்னு தோணலாம். இப்போ ஒரே ஒரு மாற்றம்: குட்டி விலை மூணுல ஒரு பங்கு இறங்குது. 625 வந்த இடத்துல 417. செலவு மட்டும் அதே 355. மிச்சம் 62 டாலர்! விலை விழுந்தது 33 சதவீதம், லாபம் விழுந்தது 77 சதவீதம். பாம்பு மார்க்கெட் இறங்கிடுச்சுன்னு பாம்பு குறைச்சலா சாப்பிடாதே. நிலையான செலவு உள்ள எந்தத் தொழிலுக்கும் இந்த ஆபத்து உண்டு. ஆனா விலை இறங்கியே தீரும்ங்கிற பொருள்ல இதை வெச்சுப் பார்க்கும்போதுதான் வயித்தைக் கலக்குது.

விலை ஏன் இறங்கியே தீரும்? பாம்பு ஒண்ணை நீங்க வித்தீங்கன்னா, வாங்கினவர் உங்க கஸ்டமர்; மூணு வருஷத்துல அவரே உங்க போட்டியாளர். அபூர்வம்ங்கிறதுக்காகத்தான் விலை, அந்த அபூர்வத்தை நீங்களே குட்டி குட்டியா பார்சல் பண்ணி அனுப்புறீங்க. ஒரு ஜோடி பத்து வருஷம் முட்டை வெச்சா 80 குட்டி. ஒடுங்கு ஜீன்ல முதல் சில வருஷம் பரவல் மெதுவாத்தான் இருக்கும், ஏன்னா ஹெட் குட்டிகள் பெரியவங்களாகணும். அந்த மெதுவான காலத்துலதான் "விலை நிக்குது பாருங்க"ன்னு சொல்லி அடுத்தவரை உள்ளே இழுக்க முடியுது. பிறகு எல்லார் வீட்டு முட்டையும் ஒரே ஆகஸ்ட், செப்டம்பர்ல பொரியும். ஆமா, சீசனும் எல்லாருக்கும் ஒண்ணுதான்.

அமெரிக்காவில் பால் பைத்தான் மார்ஃப்கள் இந்தப் பாதையில போன பெரிய உதாரணம். ஆரம்பத்துல ஒரு பாம்பு ஒரு கார் விலைக்குப் போன வகைகள், பிறகு செல்போன் விலைக்கு வந்து, அதுக்கும் கீழே போச்சு. இத்தனைக்கும் பால் பைத்தான் சாது, கையில சுருண்டு படுத்துக்கும், முதல் தடவை பாம்பு வாங்குறவங்க அதைத்தான் கேட்பாங்க. மில்க் ஸ்நேக் குட்டி அப்படி இல்ல. தொட்டா துள்ளும், ஓடும், நாத்தம் பிடிச்ச திரவத்தைக் கையில பீச்சும். வளர வளர அடங்கும், ஆனா கண்காட்சியில கையில எடுத்துப் பார்க்கிற சின்னப் பையனோட அம்மாவுக்கு அது தெரியாது. சும்மா ஆசைக்கு வளர்க்கிற கடைசி வாடிக்கையாளர் கூட்டம் இங்கே ரொம்பச் சின்னது. வளர்க்கிறவர் வளர்க்கிறவருக்கே வித்துக்கிட்டு இருந்தா அந்தச் சங்கிலி எங்க போய் நிக்கும்னு 2012-ல் பெருந்துறை ஈமு கோழி விஷயத்தைப் பார்த்தவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மில்க் ஸ்நேக் மோசடி இல்ல, அதுல யாரும் மாசாமாசம் பணம் தர்றேன்னு வாக்குக் கொடுக்கல. ஆனா சங்கிலியோட அமைப்பு ஒண்ணுதான்.

கணக்குல வராத வேலை

மில்க் ஸ்நேக் பாம்பு தின்னும் பாம்பு. ரெண்டை ஒரே பெட்டியில விட்டா, காலையில ஒண்ணுதான் இருக்கும். வயிறு மட்டும் பெருசா இருக்கும். அதனால ஒவ்வொண்ணுக்கும் தனிப் பெட்டி, தனித் தண்ணி, தனி மறைவிடம். இருபது குட்டின்னா இருபது பெட்டி சுத்தம் பண்ணணும். விரல் நுழையிற இடைவெளி வேண்டாம், அதுல பாதி இருந்தாலே குட்டி வெளியே போயிடும்.

இனப்பெருக்கத்துக்குக் குளிர்காலம் வேணும். இலையுதிர் காலக் கடைசியில சாப்பாட்டை நிறுத்தி, வயிறு காலியானதும், பாம்பை 10 முதல் 13 டிகிரி செல்சியஸ்ல ரெண்டு, மூணு மாசம் இருட்டுல வைப்பாங்க. வயித்துல இரை இருந்தபடி குளிர்ல வெச்சா அது உள்ளேயே அழுகி பாம்பு செத்துடும். வசந்தத்துல சூடாக்கி, ஒரு சில வேளை நல்லா சாப்பாடு போட்டு ஜோடி சேர்ப்பாங்க. பெண் பாம்பு ஒருமுறை சட்டை உரிச்சு, அடுத்த ஒரு வாரம், பத்து நாள்ல ஈரமான பாசி வெச்ச பெட்டியில முட்டை போடும். அதை எடுத்து, திருப்பாம, 27, 28 டிகிரியில ரெண்டு மாசம் காக்கணும். சில சமயம் முட்டை வெளியே வராம பெண் பாம்பே போயிடும். அந்த மூணு வருஷ முதலீட்டுக்கு இன்சூரன்ஸ் கிடையாது.

குட்டி வந்தாச்சுன்னா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, அங்கேதான் ஆரம்பம். முதல் சட்டை உரிச்சதும் சாப்பிடணும். சிலது சாப்பிடாது. எலிக்குட்டி மேல பல்லி வாசனையைத் தடவிக் கொடுப்பாங்க. இருட்டுல, சின்ன டப்பாவுல, ராத்திரி முழுக்க வெச்சுப் பார்ப்பாங்க. ஒழுங்கா சாப்பிடாத குட்டியை நேர்மையான ஆள் யாரும் விக்க மாட்டாங்க. ஆபீஸ் முடிஞ்சு வந்து, ஒன்பது மணிக்கு மேல, எட்டு டப்பாவைத் திறந்து எது சாப்பிட்டுச்சுன்னு நோட்டுல எழுதுறது வேலை இல்லையா? வாரத்துக்கு ரெண்டு மணி நேரம்னு குறைவா வெச்சாலே வருஷத்துக்கு நூறு மணி நேரத்துக்கு மேல. மேலே வந்த 270 டாலரை அதால வகுங்க. மணிக்கு ரெண்டரை டாலர்.

அப்போ யாருக்குத்தான் காசு?

நான் பார்த்த வரைக்கும், ஜீனை வெச்சிருக்கிறவருக்கு இல்ல. முதல் வரிசையில எலி வளர்த்து உறையவெச்சு விக்கிறவர். எந்த மார்ஃப் ஏறினாலும் இறங்கினாலும் பாம்புக்குப் பசிக்கும். ரெண்டாவது பெட்டி, ரேக், தெர்மோஸ்டாட் விக்கிறவர். மூணாவது மார்ஃப்மார்க்கெட் மாதிரி விளம்பரத் தளமும், டேடோனா, டின்லி பார்க் மாதிரி ஊர்கள்ல நடக்கிற கண்காட்சியோட மேசையும். அப்புறம் குரியர். அமெரிக்கத் தபால்துறை பாம்பை எடுத்துக்காது. தனியார் ஓவர்நைட் பார்சல்தான், 50 டாலர் பாம்புக்கு ஏறக்குறைய அதே அளவு அனுப்புற செலவு ஆகலாம். சாதாரணக் குட்டி உள்ளூர்லயே தேங்கிப் போறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

வளர்க்கிறவங்கள்லயும் ஒரு வகையினர் நிக்கிறாங்க. ஒரே ஜீனை நம்பாம, தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து நிறத்தை மெருகேத்துறவங்க. ஹோண்டுரான்ல 'டேஞ்சரின்'னு ஒண்ணு இருக்கு: மஞ்சள் வளையம் இருக்க வேண்டிய இடத்துல ஆரஞ்சு. அதை இன்னும் ஆழமா, கறுப்புப் பொட்டு இல்லாம, சுத்தமா கொண்டுவர, ஒவ்வொரு தலைமுறையிலயும் நல்ல குட்டியை விக்காம தானே வெச்சுக்கணும். பத்து, பதினைஞ்சு வருஷ வேலை. ஒரு ஜோடியை வாங்கிட்டுப் போய் அடுத்தவர் அதை அப்படியே காப்பி அடிச்சுட முடியாது, கண்ணும் பதிவேடும் வேணும். பதிவேடு இப்போ கூடுதல் முக்கியம். பல வகைகளைக் கலந்து இணைச்சுட்டு "ஹோண்டுரான்"னு விக்கிறதும் நடக்குது. போதாக்குறைக்கு, ரெண்டு டஜன் துணை இனங்களா இருந்த மில்க் ஸ்நேக்கை 2014-ல் வந்த ஒரு மரபணு ஆய்வு ஏழு தனி இனங்களா பிரிச்சுடுச்சு. பெட்டி மேல ஒட்டின பேரும் பாம்பும் ஒண்ணுதானான்னு கேட்டா, யாருகிட்ட எந்த வருஷம் வாங்கினோம்ங்கிற நோட்டுதான் பதில் சொல்லும். என் பார்வையில அந்த நோட்டுக்குத்தான் பிரீமியம் கொடுக்கலாம், நிறத்துக்கு இல்ல.

நீங்க எங்க இருக்கீங்கன்னு பாருங்க

அமெரிக்காவில் எச்1பி விசாவில் இருக்கிற நம்ம மக்கள் கவனிக்கணும். உங்களை ஸ்பான்சர் பண்ண நிறுவனத்துக்கு மட்டும்தான் நீங்க வேலை செய்யலாம். பாம்பு வித்து சம்பாதிக்கிறதை ஒரு தொழிலா நடத்தினா, ஆபத்து 800 டாலருக்கு இல்ல, விசாவுக்கு. கிரீன் கார்டு, சிட்டிசன்னா வரியைப் பாருங்க: பொழுதுபோக்குன்னு சொன்னாலும் வித்த வருமானத்துக்கு வரி உண்டு, ஆனா பொழுதுபோக்குச் செலவை 2018-லிருந்து கழிக்க முடியாது. தொழில்னு காட்டணும்னா கணக்கு எழுதணும். அஞ்சு வருஷத்துல மூணு வருஷம் லாபம் வந்தா அது தொழில்தான்னு வரித்துறை எடுத்துக்கும். மேலே போட்ட கணக்குல முதல் மூணு வருஷமும் நஷ்டம்! ஹவாய்ல இருந்தா யோசிக்கவே வேண்டாம், அங்கே பாம்பு வெச்சிருக்கிறதே குற்றம்.

இந்தியாவிலிருந்து படிக்கிறீங்களா? 1972 வனவிலங்குச் சட்டப்படி நம்ம ஊர் பாம்பை வீட்ல வளர்க்க முடியாது. வெளிநாட்டுப் பாம்பை அனுமதி இல்லாம பெட்டியில போட்டு வந்தா, சுங்கத்துறை பிடிக்கும். 2023 ஜனவரியில சென்னை விமான நிலையத்துல பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகள்ல பால் பைத்தான், கார்ன் ஸ்நேக்னு டஜன் கணக்குல பிடிச்சாங்க. இதை அதிகாரிகளோட கெடுபிடின்னு மட்டும் பார்க்காதீங்க. ஸ்பெயினுக்குச் சொந்தமான கிரான் கனாரியா தீவுல, மில்க் ஸ்நேக்கோட நெருங்கிய சொந்தமான கலிஃபோர்னியா கிங் ஸ்நேக் வளர்ப்பு வீடுகள்லேருந்து தப்பி காட்டுக்குள்ளே பெருகிடுச்சு. அதுல நிறைய அல்பினோ. அதாவது யாரோ ஆசைப்பட்டு காசு கொடுத்து வாங்கின நிறம்! அந்தத் தீவைத் தவிர வேற எங்கேயும் இயற்கையா இல்லாத பெரிய பல்லிகள், பாம்பு பரவின இடங்கள்ல கிட்டத்தட்ட காணாமலே போச்சு. பிடிக்கிறதுக்கு அரசு வருஷக்கணக்கா செலவு பண்ணிக்கிட்டு இருக்கு.

இத்தனைக்கும் பிறகு, சட்டம் அனுமதிக்கிற ஊர்ல, பாம்பு பிடிச்சுப்போய் ஒண்ணு வளர்க்கணும்னு தோணினா, தாராளமா வளருங்க. அப்போ கணக்கே வேற. ஒரே ஒரு பாம்பு, ஒரு பெட்டி, வாரம் ஒரு எலி. மார்ஃப் வெளிவந்த முதல் வருஷம் வாங்காதீங்க; நாலஞ்சு வருஷம் பொறுத்தா அதே நிறம் பல மடங்கு மலிவா கிடைக்கும். விக்கிறவர்கிட்ட மூணு கேள்வி போதும்: இது எத்தனை வேளை தானா சாப்பிட்டிருக்கு, அப்பா அம்மாவோட போட்டோ இருக்கா, ஹெட்னு சொல்றீங்களே, அந்த ஜோடி இதுக்கு முன்னாடி அந்த நிறத்துல குட்டி போட்டிருக்கா. மூணாவது கேள்விக்கு ஆமான்னு பதில் வந்தா தேதியைக் கேளுங்க, நோட்டை எடுத்துக் காட்டுவாரு.